குழி எத்தனை சென்டிமீட்டர்?



கேரம் ஆடாத வீடு நம்ம ஊரில் குறைவு. காயை எண்ணுவோம், பாயின்ட் எண்ணுவோம். குழியை யாராவது அளந்து பார்த்திருக்கிறோமா? நான் ஸ்கேல் வைத்து அளந்தேன்.

எங்கள் வீட்டு போர்டில் குழியின் விட்டம் 5.2 செ.மீ. சர்வதேச கேரம் கூட்டமைப்பின் விதிப்படி 4.45 செ.மீ.தான். வித்தியாசம் ஒரு செ.மீ. கூட இல்லையே என்று நினைக்காதீர்கள். காயின் விட்டம் சுமார் 3.1 செ.மீ. வீட்டுக் குழியில் காய்க்கு இரு பக்கமும் ஒரு செ.மீ. இடம் கிடைக்கிறது. போட்டி போர்டில் 7 மி.மீ. கூடக் கிடைக்காது. வீட்டில் ஓரக்கட்டையில் இடித்தும் உள்ளே விழுகிற காய், அங்கே குழி வாசலில் நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும்!

குறுவட்டப் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம். "அந்த வீட்டு போர்டைத் தூக்கிப் பரண்ல போடு. கைப்பழக்கம் கெட்டுடும்" என்கிறாள் இரட்டையர் ஆட்டத்தில் என் ஜோடி. அவள் சொல்வதும் நியாயம்தான். சென்னை மரிய இருதயம் இருமுறை உலகச் சாம்பியன் ஆனதும், சென்னை காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றதும் சின்னக் குழியில் ஆடித்தானே!

ஆனால் எங்கள் தாத்தாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இடது கையால்தான் சுண்டுகிறார். விரல் நடுங்கும். பேச்சும் குறைந்துவிட்டது. சிவப்புக் காய் விழுந்தால் மட்டும், "ஃபாலோ போடுறேன் பாரு" என்று வாய் திறப்பார். 4.45-இல் அவருக்குக் காய் விழாது. இரண்டே நாளில் ஆட்டத்தை விட்டுவிடுவார். அந்தப் பேச்சும் நின்றுபோகும்.

அதனால் மாலையில் பள்ளியில் சின்னக் குழி, இரவில் தாத்தாவோடு பெரிய குழி. கைப்பழக்கத்துக்கு ஒரு வழி செய்திருக்கிறேன். தாத்தாவுக்குக் காய் எப்படி விழுந்தாலும் கணக்கு. எனக்கு ஓரக்கட்டையில் படாமல் நேராக விழுந்தால்தான் கணக்கு. பட்டு விழுந்தால் எடுத்து நடுவில் வைத்துவிடுவேன். நேற்றும் தாத்தாதான் ஜெயித்தார்!

உங்கள் வீட்டுக் குழியையும் அளந்து பாருங்கள். இந்தத் தாளின் கீழே இடம் விட்டிருக்கிறேன். எத்தனை செ.மீ., வீட்டில் யாரோடு ஆடுகிறீர்கள் என்று பென்சிலால் எழுதுங்கள்.

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு