நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன்

ஆராய்ச்சி மாணவனுக்கு விடுமுறை என்று தனியாக ஒன்று கிடையாது. கைடு எந்த வாரம் ஊரில் இல்லையோ, அந்த வாரம் தான் விடுமுறை. 2024 ஜனவரி கடைசியில் எங்கள் கைடு ஒரு கருத்தரங்குக்காக ஐரோப்பா கிளம்பினார். அவர் விமானம் ஏறிவிட்டார் என்று உறுதியான அரை மணி நேரத்தில் நான் பையைத் தூக்கிவிட்டேன். எங்கே என்று கேட்பீர்கள். கடற்கரை இல்லை, டிஸ்னியும் இல்லை. நான்கு நாள் முழுக்க ஜன்னலே இல்லாத ஒரு ஹாலில் உட்கார்ந்து, மற்றவர்கள் பூல் ஆடுவதைப் பார்க்க! அம்மாவிடம் போனில் சொன்னபோது, "நீச்சல் போட்டியா கண்ணு? இந்தக் குளிர்லயா?" என்று கேட்டார் :-)

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக் கொள்கிறேன். கோயம்புத்தூரில் நாங்கள் படித்த கல்லூரிக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஒரு பூல் பார்லர் இருந்தது. மணிக்கு 80 ரூபாய். இரண்டே மேஜை. அதில் ஒன்று ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். எந்தப் பந்தை எங்கே அடித்தாலும் கடைசியில் ஜன்னலோரப் பாக்கெட்டுக்குத் தான் உருண்டு போகும். அதற்கு 'கிணறு' என்று பெயர் வைத்திருந்தோம். எங்கள் ஜமாவில் உருப்படியாக ஆடத் தெரிந்தவன் ஒருத்தன் தான். அவனுக்குப் பெயர் சித்தப்பா. வயதானவன் என்பதால் இல்லை. பார்லர் பில், டீ, பரோட்டா எதுவானாலும் "இருடா, நான் தரேன்" என்று முதலில் பர்ஸை எடுப்பவன் அவன் தான். ஊரிலிருந்து வரும் சித்தப்பா மாதிரி.

படிப்பு முடிந்து எல்லாரும் அமெரிக்கா வந்து சேர்ந்தோம். சித்தப்பா சின்சினாட்டியில் வேலை. கேப்டன் (ஹாஸ்டல் கிரிக்கெட் டீமுக்குக் கேப்டன், ஒரு மேட்ச் கூட ஜெயித்ததில்லை) சிகாகோவில் வேலை. நான் மட்டும் இன்னும் மாணவன். பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது. "டெர்பி போலாமாடா?" என்று நவம்பரில் குரூப்பில் ஆரம்பித்தவன் சித்தப்பா தான். ஹோட்டலில் இரண்டு ரூமையும் அவன் கார்டிலேயே போட்டுவிட்டான். நாங்களும் வழக்கம் போல் "சித்தப்பா வாழ்க" என்று ஒரு மெசேஜ் போட்டதோடு சரி.

டெர்பி சிட்டி கிளாசிக் என்பது பூல் உலகத்தின் திருவிழா. 1999இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில்லில் தொடங்கியது. இப்போது ஒஹாயோ ஆற்றைத் தாண்டி, இண்டியானா பக்கம் எலிசபெத் என்ற சிற்றூரில் இருக்கும் சீஸர்ஸ் கேசினோவில் நடக்கிறது. ஜனவரியில் ஒன்பது நாள். மற்றப் போட்டிகளில் இல்லாத ஒரு விசேஷம் இங்கே உண்டு. பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஆடலாம். உலக சாம்பியன் பெயரும் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்ப்பவர் பெயரும் ஒரே குலுக்கலில் தான் இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் மறுபடி குலுக்குவார்கள். இன்னொரு விசேஷம், 'பை-பேக்'. ஒருமுறை தோற்றால் மறுபடி பணம் கட்டி உள்ளே வரலாம். இரண்டாவது முறை தோற்றால் தான் மூட்டை கட்ட வேண்டும்.

ஹாலுக்குள் நுழைந்ததும் முதலில் தெரிந்தது சத்தம் தான். வரிசை வரிசையாக மேஜைகள், ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் ஆட்டம். டக், டக் என்று மழை பிடித்த ஓட்டுக் கூரை மாதிரி. டிவியில் மட்டும் பார்த்த முகங்கள் காபி வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தன. கேப்டன் ஒருவரைப் பார்த்துவிட்டு என் கையைக் கிள்ளியதில் இரண்டு நாள் தடம் இருந்தது. இன்னொரு அறையில் விடிய விடிய பந்தய ஆட்டம். போட்டியில் தோற்றவர்கள் அங்கே போய் ஜெயிக்கப் பார்க்கிறார்கள்.

எப்ரென் ரெயெஸ் இந்தப் போட்டியில் எத்தனையோ வருடம் ஆடி, மொத்தப் புள்ளிகளில் முதலிடம் பிடிப்பவருக்கான 'மாஸ்டர் ஆஃப் தி டேபிள்' பட்டத்தைப் பலமுறை வாங்கியவர். தெரியாதவர்களுக்கு: பிலிப்பைன்ஸ்காரர், 1954இல் பிறந்தவர், செல்லப்பெயர் 'மந்திரவாதி'. 1999இல் உலக நைன்-பால் சாம்பியன். சித்தப்பாவின் ஹாஸ்டல் அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இவர் படம் தான் ஒட்டியிருக்கும்.

சித்தப்பா வெறும் பார்வையாளனாக வரவில்லை. நைன்-பால் பிரிவுக்கு நவம்பரிலேயே பெயர் கொடுத்துப் பணமும் கட்டியிருந்தான். நைன்-பால் விதி ரொம்ப எளிது. மேஜையில் 1 முதல் 9 வரை பந்துகள். இருப்பதிலேயே சிறிய எண்ணைத் தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். 9 யார் அடியில் விழுகிறதோ அவருக்கு அந்த ஆட்டம். ஆனால் இதில் ஒரு கொடுமை உண்டு. எதிராளி தப்பு செய்யாத வரை நீங்கள் ஒன்றுமே செய்ய முடியாது. டென்னிஸில் பந்து உங்கள் பக்கம் வந்தே தீரும். கிரிக்கெட்டில் ஃபீல்டிங்காவது செய்யலாம். இங்கே ஓரமாக ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். அதில் போய் உட்கார வேண்டும். அவ்வளவு தான்.

முதல் நாள் முழுக்க அடிப்பவர்களைப் பார்த்த நான், இரண்டாவது நாள் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். புதியவர்கள் போனை எடுப்பார்கள், கூட்டத்தில் நண்பனைத் தேடுவார்கள், தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பார்கள். பெரிய ஆட்டக்காரர்கள் அப்படி இல்லை. ஒரு துண்டால் க்யூவை மெதுவாகத் துடைத்தபடி, மேஜையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பார்கள். எதிராளி நல்ல ஷாட் அடித்தால் க்யூவின் அடிப்பக்கத்தைத் தரையில் லேசாகத் தட்டிப் பாராட்டுவார்கள். ஐந்து ஆட்டம் தொடர்ந்து போனாலும் முகம் மாறாது. தப்பு வரும்போது எழுந்திருக்கும் கால்கள் மட்டும் தயாராக இருக்கும்.

சித்தப்பாவுக்கு எதிராகக் குலுக்கலில் வந்தவர் எழுபதை நெருங்கும் ஒரு கென்டக்கித் தாத்தா. காதில் மெஷின், மூக்கு நுனியில் கண்ணாடி. "ஈஸி டிரா டா" என்றான் கேப்டன். முதல் மூன்று ஆட்டமும் சித்தப்பாவுக்கே. நான்காவதில் ஒரு சுலபமான 7ஐ விட்டான். தாத்தா எழுந்தார், சாக் போட்டார், மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அதற்கப்புறம் சித்தப்பாவை உட்கார வைத்துவிட்டார். கடினமான ஷாட் ஒன்று கூட அவர் அடிக்கவில்லை. அடுத்த ஷாட் சுலபமாக இருக்கும்படி வெள்ளைப் பந்தை நிறுத்திக்கொண்டே போனார். நாற்காலியில் சித்தப்பாவின் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. கல்லூரியில் அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அங்கே அவனை உட்கார வைக்க ஆள் ஏது?

தோற்றுவிட்டான். கைகொடுத்துவிட்டு வந்தவனிடம், "பரவால்லடா, பை-பேக் போடு. ராத்திரி வரைக்கும் டைம் இருக்கு" என்றோம்.

"வேணாம்டா."

"ஏன்டா? இதுக்குத் தானே வந்த?"

"வேணாம்னா விடேன்."

"நாங்க போடறோம்டா..." என்று கேப்டன் பர்ஸை எடுத்தான். சித்தப்பா அந்தக் கையைத் தட்டிவிட்டான். விளையாட்டுக்குத் தட்டியது இல்லை. பக்கத்து மேஜையில் ஆடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் இரண்டு மணி நேரம் மூவரும் சரியாகப் பேசவில்லை.

நள்ளிரவு தாண்டி, கேமராக்கள் இருக்கும் நடு அரங்கில் ஒன்-பாக்கெட் ஆட்டம் பார்க்க உட்கார்ந்தோம். பூலின் சதுரங்கம் என்பார்கள் இதை. 15 பந்து, ஆறு பாக்கெட். ஆனால் ஒரு முனையில் இருக்கும் இரண்டு மூலைப் பாக்கெட்டுகளில் ஆளுக்கு ஒன்று தான் சொந்தம். தன் பாக்கெட்டில் முதலில் எட்டுப் பந்து போடுபவருக்கு ஆட்டம். பத்து நிமிடம் ஒரு பந்து கூட விழாமல் போகும். எதிராளிக்கு எதுவும் கிடைக்காதபடி வெள்ளைப் பந்தை ஒளித்து வைப்பது தான் ஆட்டமே. சில சமயம் தெரிந்தே ஃபவுல் செய்வார்கள். கையில் இருக்கும் ஒரு பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆபத்திலிருந்து தப்பிப்பது. அரங்கில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

அப்போது தான் சித்தப்பா மேஜையைப் பார்த்தபடியே, ரகசியம் மாதிரி சொன்னான். "வேலை போயிடுச்சுடா."

"என்னது?" என்று கேப்டன் கத்திவிட்டான். முன்வரிசையில் இருந்தவர் திரும்பி "ஷ்ஷ்" என்றார்.

"ஜனவரி முதல் வாரம். எச்-1பிக்கு அறுபது நாள் டைம். இன்னும் 34 நாள் இருக்கு."

நாங்கள் கத்தவும் முடியாது, எழுந்து கட்டிக்கொள்ளவும் முடியாது. அரங்கில் பெரியவர் ஒருவர் குனிந்து ஒரு பந்தை ஐந்து நிமிடமாக அளந்துகொண்டிருந்தார். வேண்டுமென்றே தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தான் என்று பிறகு புரிந்தது. யாரும் குரலை உயர்த்த முடியாத, யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிராத இடம்.

"வீட்ல தெரியுமா?"

"அப்பா வீட்டுக்கு மாடி எடுத்துட்டு இருக்காரு. எப்படிச் சொல்றது?"

"எங்ககிட்ட சொல்லிருக்கலாம்லடா?"

அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். பதில் எனக்கே தெரியும். ஜனவரி பத்தாம் தேதி வாக்கில் அவன் எனக்கு இரண்டு முறை கூப்பிட்டிருந்தான். நான் எடுக்கவில்லை. "ஆணி அதிகம் மாப்ள, டெர்பில பாப்போம். பார்ட்டி உன்னோடது :-)" என்று மெசேஜ் போட்டிருந்தேன். அந்த ஸ்மைலியை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை. பத்து வருடமாக ஒருத்தனைச் சித்தப்பா என்று கூப்பிட்டால், அவனுக்கும் ஒரு நாள் பர்ஸ் காலியாகும் என்பதே நமக்கு மறந்துபோகிறது. அவனுக்கும் அதைச் சொல்ல வாய் வராமல் போகிறது.

மறுநாள் காலை அவன் தூங்கும்போது கேப்டனும் நானும் வரவேற்பறைக்குப் போய் இரண்டு ரூமையும் எங்கள் கார்டுகளுக்கு மாற்றினோம். மாணவன் கார்டின் லிமிட்டைப் பார்த்து அந்த அம்மா ஒருமுறை என்னையும் பார்த்தார். சித்தப்பாவுக்குத் தெரிந்தபோது கோபப்படுவான் என்று பயந்தோம். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "இது இன்டென்ஷனல் ஃபவுல்டா" என்றான். மூன்று பேரும் சிரித்தோம். நேரம் முடிந்துவிட்டதால் பை-பேக் போடவே இல்லை. மீதி இரண்டு நாளும் வெறும் பார்வையாளர்களாக, பரோட்டாவுக்குப் பதில் பீட்சா தின்றுகொண்டு, கல்லூரி மாதிரியே இருந்தோம்.

கடைசி ராத்திரி அவன் 1996 கதையைச் சொன்னான். ஹாங்காங்கில் எப்ரென் ரெயெஸும் ஏர்ல் ஸ்டிரிக்லண்டும் மோதிய ஆட்டம். முதலில் 120 ஆட்டம் ஜெயிப்பவருக்கு ஒரு லட்சம் டாலர், தோற்றவருக்கு ஒன்றும் இல்லை. மூன்று நாள் ஆடினார்கள். பின்தங்கியிருந்த எப்ரென் கடைசியில் 120-117 என்று ஜெயித்தார். இந்தக் கதையை ஹாஸ்டலில் நூறு முறை கேட்டிருக்கிறோம். அன்றைக்கு மட்டும் கதையின் முடிவு வேறாக இருந்தது. "117 தடவை அந்தாளு நாற்காலில உக்காந்து, அடுத்தவன் ஜெயிக்கறதப் பாத்திருக்காருடா" என்றான் சித்தப்பா.

இங்கே "34 நாளுக்குள் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது" என்று எழுத ஆசை தான். கிடைக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த இடமெல்லாம் ரெஸ்யூமே அனுப்பினோம். இரண்டு இடத்தில் கடைசிச் சுற்று வரை போய் நின்றது. மார்ச் முதல் வாரம் கோயம்புத்தூருக்குத் திரும்பினான். போவதற்கு முந்தின வாரம் தான் அப்பாவிடம் சொன்னானாம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சாப்பிட்டியா?" பிறகு ஊரிலேயே ஒரு கம்பெனியில் சேர்ந்தான். மாடி பாதியில் நிற்கிறது.

அதே வருடம் ஜூனில் ஜெட்டாவில் உலக நைன்-பால் இறுதி ஆட்டம். ஃபெடோர் கோர்ஸ்டும் அல்பேனியாவின் எக்லென்ட் காச்சியும். சிகாகோ, என் ஹாஸ்டல் அறை, கோயம்புத்தூர் என்று மூன்று இடத்திலிருந்தும் போனில் பேசிக்கொண்டே பார்த்தோம். 15 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். 14-14க்கு வந்து நின்றது. கேப்டனும் நானும் மேஜையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தோம். கோர்ஸ்ட் 15-14 என்று ஜெயித்தார். சித்தப்பா மட்டும் கடைசி ஆட்டம் முழுக்க ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், உக்காந்திருக்கறவன் மூஞ்சி எப்படிடா இருக்கு?"

இப்போதெல்லாம் அவன் கூப்பிட்டால் முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுகிறேன்.