உவர் ஏறாத சுவர்

மன்னார்ப் பாலத்தைக் கடந்து, பேசாலை வழியாகத் தலைமன்னார் வரை போகும் பாதையில் சாந்து பூசிய புது வீடுகள் எத்தனையோ நிற்கின்றன. நிறங்கள்தான் வேறு, நோய் ஒன்றே. நிலத்திலிருந்து முழங்கால் உயரத்துக்கு, சில சுவர்களில் இடுப்பு வரைக்கும், ஈரப் பட்டை ஒன்று ஓடுகிறது. அதன் மேல் விளிம்பில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. நகத்தால் கீறினால் பெயின்ற் தோலாக உரிந்துவரும். அதற்கு அடியில் சாந்து மாவாகக் கொட்டும். அந்தப் பொடியை நாக்கில் வைத்தால் உப்பு. ஊரில் இதை 'உவர் ஏறுது' என்பார்கள். அந்த இரண்டு சொல்லிலேயே நோயின் பெயரும் அது வரும் வழியும் இருக்கின்றன. ஆனாலும் வீட்டுக்காரர் போய் நிற்பது பெயின்ற் கடையில். என் வாதம் இதுதான்: மன்னாரில் சுவரின் கறை பெயின்ற் பூசும் நாளில் தீர்மானமாவதில்லை. மண் இறக்கிய நாளில், தண்ணீர் அள்ளிய நாளில், அத்திவாரம் மூடிய நாளில் அது தீர்மானமாகிவிடுகிறது. கறையைத் தடுக்கிற வேலை மேசனுடையது. அந்த வேலைக்குத்தான் நாம் கூலி கொடுப்பதில்லை.

உப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஒரு பை சீமெந்துக்கு ஐந்து பங்கு மண் என்று கலந்தால், ஏறக்குறைய 260 கிலோ மண் வேண்டும். அது கழுவாத கரையோர மண்ணாக இருந்து, அதன் எடையில் நூற்றுக்கு 5 பங்கு கடல் நீர் ஈரமாக நிற்கிறதென்றால், ஒரு பைக் கலவைக்குள் 450 கிராம் உப்புப் போகிறது. முப்பது பையில் பூச்சு முடிகிற வீட்டில் அது பதின்மூன்று கிலோவைத் தாண்டும். இனித் தண்ணீர். மன்னார்த் தீவின் மணலுக்கு அடியில் மழை நீர், கனமான கடல் நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கிறது. மாரியில் அந்தப் படை தடிக்கும். கோடையில் இறைக்க இறைக்க உவர் மேலே வரும். ஆவணியில் குழைத்த சாந்தும் தையில் குழைத்த சாந்தும் ஒன்றல்ல. மூன்றாவது வழி நிலம். ஈரம் சுவரின் நுண் துளைகளால் ஏறி, வெயில் படும் இடத்தில் காய்ந்து, உப்பை அங்கேயே விட்டுவிடுகிறது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரையும், குறைந்தால் மீண்டும் கல்லாகும். கடல் சூழ்ந்த தீவில் இரவில் கரைந்து பகலில் உறைவது நாளாந்த நடப்பு. உறையும் ஒவ்வொரு முறையும் பளிங்கு வளர்ந்து சாந்தை உள்ளிருந்து நெருக்குகிறது. நீர் புகாத பெயின்ற் பூசினால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். ஈரம் வருவது முன்னாலிருந்து மட்டுமல்ல, பின்னாலிருந்தும் கீழிருந்தும். வாசலை அடைத்தால் அது கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. அதைத்தான் கொப்புளம் என்கிறோம்.

பழைய சுவர்கள் என்ன செய்தன என்று பார்க்க அரிப்பு என்ற கரையோர ஊருக்குப் போகவேண்டும். 1798 முதல் 1805 வரை இலங்கையின் பிரித்தானிய ஆளுநராக இருந்த பிரெடெரிக் நோர்த், முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்யக் கட்டிய டொரிக் மாளிகை அங்கே கடலை நோக்கி இடிந்து நிற்கிறது. செங்கல் கட்டு, சிப்பி சுட்ட சுண்ணாம்புப் பூச்சு. இடிந்த கட்டடத்தையா உதாரணம் காட்டுகிறாய் என்று கேட்கலாம். கேட்பது நியாயம்தான். அதை வீழ்த்துவது பூச்சின் பலவீனமல்ல, கடல் அரித்துத் தின்னும் கரை. கூரையும் பராமரிப்பும் இல்லாமல் கழிந்த காலம். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். ஈரமும் உப்பும் அதன் வழியே வெளியேறும். கெட்டால் பூச்சு கெடும், சுவர் பிழைக்கும். வருடா வருடம் அடிக்கும் வெள்ளையின் காரம் பாசியையும் பிடிக்க விடாது. ஆனால் எல்லோரும் சுண்ணாம்புக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அது ஆறுதலாக இறுகும், கைப்பக்குவம் கேட்கும். சுண்ணாம்புக்காகக் கடலில் பவளப்பாறை உடைப்பதும் சட்டப்படி குற்றம். சீமெந்துச் சாந்தே இருக்கட்டும். சுண்ணாம்பு சொன்ன பாடத்தை அதில் கடைப்பிடித்தால் போதும்: உப்பை உள்ளே விடாதே, உள்ளே போனதை அடைத்து வைக்காதே. சீமெந்தைக் கூட்டினால் சுவர் பலக்கும் என்ற எண்ணமும் பிழை. மூன்றுக்கு ஒன்று கலந்த பூச்சு காயும்போது சுருங்கி மயிரிழையாக வெடிக்கும். மழைக்கு அதுவே வாய்க்கால்.

மேசனின் கை எங்கே வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சின்ன இடத்தைக் காட்டுகிறேன். யன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் கொங்கிரீட் தட்டின் அடிப்பக்கம். வாடை மழையில் தட்டின் மேல் விழும் நீர் விளிம்பால் மடிந்து, அடியால் ஊர்ந்து சுவருக்கு வரும். சுவரில் இறங்கும் கறுத்த கோடுகளில் பல அப்படிப் பிறந்தவை. தெரிந்த மேசன், தட்டின் அடியில் சாந்து இளகியிருக்கும்போதே, விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே மட்டப்பலகையைப் பிடித்து, சாந்தகப்பையின் முனையால் ஒரு விரல் அகலக் காடி இழுப்பார். அண்ணாந்து நின்று செய்கிற வேலை; சாந்து முகத்தில் விழும். காடி முழு நீளத்துக்கும் அறுபடாமல் போகவேண்டும், ஆனால் இரு முனையிலும் சுவரைத் தொடுமுன் நின்றுவிடவேண்டும். தொட்டால் காடியே நீரைச் சுவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். ஊர்ந்து வரும் துளி காடியைக் கடக்க மாட்டாமல் அங்கேயே திரண்டு கீழே விழுகிறது. இதற்கு ஒரு கிராம் சீமெந்துகூட மேலதிகமாக வேண்டாம். வேண்டியது கால் மணித்தியாலமும் தெரிந்த கையும்தான்.

அந்தக் கால் மணித்தியாலத்துக்கு யார் காசு கொடுக்கிறார்? போருக்குப் பிறகு வடக்கில் வீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. இந்திய உதவித் திட்டத்தின் பெரும் பகுதி 2012 இல் தொடங்கியபோது ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. கட்டக் கட்டத் தவணையாக வரும் காசு. அடுத்த தவணைக்கு உயர்ந்த சுவர்தான் சாட்சி. கழுவிய மண் எந்தப் படத்திலும் தெரியாது. கொந்தராத்துக்காரர் வேலையைச் சதுர அடிக்குப் பேசி இறக்குகிறார். மண்ணைக் கழுவவும், நல்ல தண்ணீர் பவுசரில் எடுக்கவும், அத்திவாரத்தின் மேல் தார்ப் படை இடவும், பூச்சை நனைத்துப் பதப்படுத்தவும் அந்தக் கணக்கில் இடமில்லை. மண் விற்பவர் எந்த மண் என்று சொல்வதில்லை. இடையில் நிற்கும் ஒவ்வொருவரும் தன் பங்கை எடுத்த பின், மிச்சமிருக்கும் கூலியில் மேசன் அவசரப்படுகிறார். சுவர் உரிந்ததும் 'மேசன் சரியில்லை' என்கிறோம். ஏழை வீட்டுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்பார்கள். இரண்டு மாரிக்கு ஒருமுறை சுரண்டிப் பெயின்ற் அடிப்பதுதான் ஏழைக்குக் கட்டுப்படியாகாதது. ஏமாற்றப்படுகிறவர் வீட்டுக்காரரும் மேசனும். இருவரையும் ஒருவர் மேல் ஒருவர் பழிபோட வைத்துவிட்டு இலாபம் வேறெங்கோ போகிறது. இது அநியாயம்.

ஆகவே வீடு கட்டுகிறவர் பெயின்ற் அட்டையைப் புரட்டுமுன் மேசனோடு உட்கார்ந்து பேசட்டும். மண் கழுவ ஒரு நாள் கூலி, மாரிக் கிணற்றின் நல்ல தண்ணீர், அத்திவாரத்துக்குத் தார்ப் படை, கூரைக்குப் பீலி, தட்டுக்குக் காடி என்று ஐந்தையும் கொந்தராத்துக் கடுதாசியில் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் விலை போடட்டும். எழுதாத வேலைக்குக் கூலி வராது. கூலி வராத வேலை சுவரில் கறையாக வரும்.