மைதானத்தில் சாட்சி

1882 ஆகஸ்டு மாதம் லண்டன் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவை ஜெயிக்க இங்கிலாந்துக்குத் தேவைப்பட்டது வெறும் 85 ரன். 7 ரன்னில் தோற்றார்கள். கடைசி விக்கெட் விழுந்தபோது மறுமுனையில், ஒரு பந்தைக்கூடச் சந்திக்க வாய்க்காமல் நின்றுகொண்டிருந்தவர் சி.டி. ஸ்டட். வயது 21, கேம்பிரிட்ஜ் மாணவர். 'ஆஷஸ்' பிறந்தது அந்தத் தோல்வியில்தான் என்பதால் கிரிக்கெட் சரித்திரத்தில் அவருக்கும் ஒரு ஓரத்து நாற்காலி உண்டு.

மிஷனரி சரித்திரத்தில் அவருக்குக் கிடைத்திருப்பது முன்வரிசை. 1885இல் மட்டையை வைத்துவிட்டுச் சீனாவுக்குக் கப்பலேறினார். கூடப் போன ஆறு பேரில் கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி வீரரும் ஒருவர். 'கேம்பிரிட்ஜ் எழுவர்' என்று பத்திரிகைகள் கொண்டாடின. கல்லூரி விளையாட்டு வீரன் சொன்னால் கல்லூரி மாணவன் கேட்பான் என்ற சூட்சுமம் அப்போதுதான் சபைகளுக்கு விளங்கியது. பின்னாளில் ஸ்டட், 1900 முதல் 1906 வரை நம் ஊட்டியில் போதகராக இருந்தார்.

அவருடைய அண்ணன் ஜே.இ.கே. ஸ்டட்டும் கேம்பிரிட்ஜ் கிரிக்கெட் கேப்டன்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் பேசப் போனவரின் கூட்டத்தில், 1886இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில், ஜான் மோட் என்ற மாணவர் வந்து உட்கார்ந்தார். அன்று மனம் மாறிய மோட், பிற்பாடு ஒய்.எம்.சி.ஏ.வின் உலகத் தலைவர்களில் ஒருவரானார். 1946இல் சமாதானத்துக்கான நோபல் பரிசும் பெற்றார். அதே ஒய்.எம்.சி.ஏ. சென்னைக்கு அனுப்பிவைத்த ஹாரி குரோ பக்தான் 1920இல் இங்கே உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. நம் பள்ளிக்கூடங்களில் விசில் ஊதிய 'டிரில் மாஸ்டர்'கள் எத்தனையோ பேர் அங்கே பயின்றவர்கள். எல்லா மதத்தவரும் அவர்களில் உண்டு. கூடைப்பந்தும் கைப்பந்தும்கூட அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. கூடங்களில் பிறந்தவைதான். பந்து எந்த மதம் என்று இங்கே யாரும் கேட்டதில்லை.

பந்தோடு சேர்ந்து வந்த விசுவாசம் என்ன ஆயிற்று என்று பார்க்க பெங்களூர் நீலசந்திரா பக்கம் போகலாம். தமிழும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் புழங்கும் பேட்டை. பக்கத்திலேயே கால்பந்துக்குப் பெயர் போன ஆஸ்டின் டவுன். சற்றுத் தள்ளி விவேக் நகரில் குழந்தை இயேசு ஆலயம். வியாழக்கிழமைகளில் பொட்டு வைத்த பெண்களும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில், "மேட்சுக்கு முன்னால ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிடலாமாடா?" என்று ஒரு சீனியர் கேட்டால் பையன்கள் அதிர்ச்சி அடைய மாட்டார்கள். "சரிண்ணா" என்று தலையைக் குனிவார்கள். அதில் ஒருவன் காலையில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டும் வந்திருப்பான்.

கல்லூரி விளையாட்டு வீரனுக்கு இந்த அழைப்பு ஏன் இனிக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். கைதட்டல் எவ்வளவு இருந்தாலும் அவன் தனி ஆள். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து, விடுதியில் தங்கி, வகுப்பில் பின்தங்கி, ஒருநாள் முழங்கால் தசைநார் அறுந்துபோனால், அவன் பெயர் அணிப் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் மறைந்துவிடும். அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து உட்காருகிறவன் அநேகமாக அந்த ஜெபக் குழுப் பையனாகத்தான் இருப்பான். இதைச் சூழ்ச்சி என்று ஒதுக்குகிறவர்கள் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தவர்கள் அல்ல.

ஆனால் அதே பையன் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்தால்? சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. அரசியல் சட்டத்தின் 25வது ஷரத்து மதத்தைப் பிரசாரம் செய்யும் உரிமையைத் தருகிறது. ஆனால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கர்நாடகம் 2022இல் கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டம் பரிசுப் பொருளையும், மத அமைப்பின் கல்லூரியில் தரும் இலவசக் கல்வியையும்கூட ஆசை காட்டும் செயல்களின் பட்டியலில் சேர்த்தது. 2023 ஜூனில் புதிய அரசின் அமைச்சரவை அந்தச் சட்டத்தை ரத்து செய்யத் தீர்மானித்தது. சட்டம் வரலாம், போகலாம். கிழிந்த பூட்ஸோடு ஆடுகிறவனுக்கு இன்னொருவன் புது பூட்ஸ் கொடுப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதை எந்த வக்கீலாலும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

பூட்ஸைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. யாரை ஆடவிடுவது, யாரை வெளியே உட்கார வைப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் அது. அமெரிக்காவில் பிரெமர்ட்டன் என்ற ஊரின் பள்ளிப் பயிற்சியாளர் ஜோசப் கென்னடி, ஆட்டம் முடிந்ததும் மைதான நடுவில் மண்டியிட்டு ஜெபித்தார். பையன்களும் கூடவே மண்டியிட ஆரம்பித்தார்கள். பள்ளி நிர்வாகம் தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2022இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பயிற்சியாளர் ஜெயித்தார். தீர்ப்பை விட மனதில் நிற்பது வழக்கில் வந்த ஒரு தகப்பனின் புகார். கடவுள் நம்பிக்கை இல்லாத தன் மகன், சேராவிட்டால் ஆட வாய்ப்பு குறையுமோ என்று பயந்துபோய் மண்டியிட்டான் என்றார் அவர். பயிற்சியாளர் ஒரு வார்த்தைகூடக் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டியதில்லை. சக ஆட்டக்காரன் கூப்பிட்டால் "வரலைடா" என்று சொல்லிவிடலாம். கோச்சிடம் யார் சொல்வது? நீலசந்திராவின் பையன் நிச்சயமாகச் சொல்ல மாட்டான். கல்லூரி சீட்டே அவர் கையெழுத்தில் இருக்கிறதே.

ஜெமிமா ரோட்ரிக்ஸ் விஷயம் வேறு. 2025 அக்டோபரில் நவி மும்பையில், உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 127 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றவர், கண்ணீரோடு இயேசுவுக்கு நன்றி சொன்னார். அது அவருடைய சாட்சி. யாருடைய இடமும் அவர் கையில் இல்லை. அதற்கே சமூக ஊடகங்களில் ஏச்சு கிளம்பியது. முந்தைய ஆண்டுதான், அவருடைய தந்தை மத நிகழ்ச்சிகள் நடத்தினார் என்ற புகாரில் மும்பையின் ஒரு கிளப் ஜெமிமாவின் கௌரவ உறுப்பினர் தகுதியை ரத்து செய்திருந்தது. தந்தை புகாரை மறுத்தார். நெற்றியில் விபூதியோடு மட்டை பிடிக்கிறவரிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும்.

விளையாட்டு ஊழியர்கள் எப்போதும் மேற்கோள் காட்டும் பெயர் எரிக் லிடல். எடின்பரோ மாணவர். ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்று 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை விட்டுக்கொடுத்து, 400 மீட்டரில் தங்கம் வாங்கியவர். இந்திய அணிக்கு மேனேஜராக அதே பாரிஸுக்குப் போயிருந்தவர் சென்னையின் பக். லிடலின் அந்தப் பிடிவாதத்தைத்தான் பிரசங்கங்களில் கேட்கலாம். அதிகம் பேசப்படாதது அவருடைய கடைசிக் காலம். சீனாவில் மிஷனரியாக இருந்தவரை ஜப்பானியர்கள் வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்தினார், ஞாயிறு தவிர. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் தாங்களே ஹாக்கி ஆடி, நடுவர் இல்லாமல் அடிதடியில் முடிந்தது. 1945 பிப்ரவரியில், 43 வயதில், அதே முகாமில் மூளைக் கட்டியால் லிடல் இறந்தார். அந்தச் சண்டைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்து நடுவராக நின்றவர் அவர்தான்.