பலாமேசையும் இரண்டு வாங்குகளும்

2020 டிசம்பரில் புரெவிப் புயல் வீசிய இரவில், தென்மராட்சியில் எங்கள் வளவில் நின்ற பலாமரம் வேரோடு சாய்ந்தது. அப்பா நட்ட மரம். அதை விறகாக்க மனம் ஒப்பவில்லை. நிலத்தில் சப்பணமிட்டு இருந்து சாப்பிட எனது முழங்கால்களும் மனைவியின் முழங்கால்களும் மறுத்துவிட்ட காலம் அது. எனவே சாப்பாட்டு மேசை ஒன்றும், அதற்குச் சோடியாக இரண்டு வாங்குகளும் செய்விப்பதென்று தீர்மானித்தேன்.

பலாமரம் வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். விழுந்த மரத்தை ஏற்றிச் செல்வதற்கும் கடதாசிகளுடன் அலைந்தேன். அந்த அலைச்சலை விரித்துரைக்க விரும்பவில்லை. எதிர்பாராத தடை மரக்காலையில் வந்தது.

"எந்த ஊர் மரம் ஐயா?" என்று கேட்டார் உரிமையாளர். சொன்னேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உதுக்குள்ள இரும்பு கிடக்கும். வாள் உடைஞ்சுபோம்."

இரண்டாவது மரக்காலையிலும் அதே பதில். மூன்றாமவர், வாள் பழுதானால் செலவு என்னுடையது என்ற நிபந்தனையில் சம்மதித்தார். அடிமரத்தின் நடுப்பகுதியை அறுக்கையில் வாள் கிறீச்சிட்டது. விரல்நுனி அளவில் ஒரு செல் துண்டு. மரம் அதை முழுதாக மூடி வளர்ந்திருந்தது. மஞ்சள் நிறப் பலகையில் அதைச் சுற்றி மட்டும் மை கொட்டினாற்போல் கறுப்பு.

2000ஆம் ஆண்டில் தென்மராட்சி போர்க்களமாகிச் சாவகச்சேரி நகரம் அழிந்தபோது நான் கொழும்பில் செய்தி மேசையில் இருந்தேன். எறிகணைகள் விழுந்த இடங்களின் பெயர்களைத் திருத்தி அச்சுக்கு அனுப்பினேன். எங்கள் வளவு எந்தச் செய்தியிலும் வரவில்லை. வாளின் பற்களுக்குரிய பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒன்றரை அங்குலத் தடிப்பில் அறுத்த பலகைகளை, இடையிடையே சட்டம் வைத்து, காற்றோட்டமாக அடுக்கினோம். அங்குலத்துக்கு ஒரு வருடம் காயவேண்டும் என்றார் ஓடாவியார். 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்று களைத்தபோது, எங்கள் வீட்டில் அவசரப்படாமல் இருந்தவை அந்தப் பலகைகள் மட்டுமே.

வேலை தொடங்கியதும் எனது வரைபடத்தை அவரிடம் நீட்டினேன். மேசையும் ஆறடி, வாங்கும் ஆறடி. அவர் சிரிக்கவில்லை. "வாங்கு மேசைக்குக் கீழ போகவேணுமெல்லோ ஐயா? கால் இடிக்கும்" என்றார். நான்கரை அடியாகக் குறைத்தார். மேசையின் உயரம் 30 அங்குலம், வாங்கு 18. மேற்பலகையை ஆணியடித்து இறுக்கவும் விடவில்லை. "மாரியில ஊதும், கோடையில வத்தும். இடம் விடாட்டி வெடிச்சுப்போம்." திருகாணிக்குரிய துளைகளை நீளமாகக் குடைந்தார். கால்களுக்குக் கழுந்தும் துளையும். எனக்குக் கிடைத்தது அரத்தாள் தேய்க்கும் வேலை.

(மேசை, வாங்கு இரண்டும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். இத்தனை ஆண்டுகள் அவற்றை எழுதியிருந்தும் அவற்றின் கால்களைப் பற்றி நான் யோசித்ததில்லை.)

கறுப்புப் படிந்த பலகையில்தான் தகராறு வந்தது. அதைக் கவிழ்த்து, கறை கீழே வரும்படி போடலாம் என்றார் ஓடாவியார். முழுதாகவே விலக்கிவிடலாம் என்று தொலைபேசியில் மகன் சொன்னான். அவனுடைய பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை அவனுக்கு. எனக்கும் தெளிவில்லை. மனைவிதான் பலகையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "மேலயே இருக்கட்டும். அது மரத்தில இருக்கிறதுதானே" என்றாள். இரும்பு எடுத்த குழியை மரத்தூளும் பசையும் கலந்து நிரப்பினோம்.

இப்போது மஞ்சள் மங்கிப் பலகைகள் தவிட்டு நிறமாகிவிட்டன. கறுப்பு முன்போல் எடுப்பாகத் தெரிவதில்லை. வாங்குக்கு மூவராக நெருங்கி அமரலாம். ஆனால் பெரும்பாலான நாட்களில் எதிரெதிரே நாங்கள் இருவர் மட்டுமே. கடந்த ஓகஸ்டில் வந்திருந்த உறவினர் ஒருவர் கறையைத் தொட்டுப் பார்த்து, "கணுவோ?" என்று கேட்டார்.

"ஓம், கணுதான்" என்று சொல்லி அவருக்குச் சொதியை ஊற்றினாள் மனைவி.