ஒரு புத்தகம், ஐந்து தலைகள்

முத்து காமிக்ஸ் இதழ் ஒன்றை எங்கள் ஊரில் யாரேனும் தனியாக வாசித்ததாக நினைவில்லை. 1984ஆம் ஆண்டு வாக்கில் மகாராஜபுரத்தில் ஒரு புத்தகத்துக்கு ஐந்து தலைகள். சதுரகிரிக்குப் போகிறவர்கள் தாணிப்பாறையை நோக்கிச் சென்றுகொண்டிருப்பார்கள். நாங்கள் திண்ணையில் குப்புறப் படுத்திருப்போம். நடுவில் இருப்பவன் உரக்க வாசிக்க வேண்டும். பக்கத்தைப் புரட்டும் உரிமை ஓரத்தில் இருப்பவனுக்கு. ஐவரும் 'ம்' சொன்ன பிறகே புரட்டலாம். முந்திக்கொண்டு மறுபக்கத்தை எட்டிப் பார்த்தவனுக்குத் தலையில் ஒரு குட்டு.

சிவகாசியிலிருந்து 1972இல் வரத் தொடங்கிய அவ்வரிசையின் முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. அட்டை கிழிந்த பழைய பிரதி ஒன்று கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்திருந்தது. அது ஆங்கிலச் சித்திரக்கதையின் தமிழ் வடிவம் என்பதோ, வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டவர் என்பதோ அன்று எங்களுக்குத் தெரியாது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் தெரியும். எங்களுக்கு அது போதும். வாசித்து முடித்ததும் ஒருவன் போர்வைக்குள் ஒளிந்து கையை மட்டும் நீட்டுவான். மற்றவர்கள் அலறிக்கொண்டு ஓடுவோம்.

மாயாவியாக எப்போதும் ஒருவனே இருந்தான். வசனங்கள் முழுவதும் அவனுக்குத்தான் மனப்பாடம். ஒருநாள், வழக்கமாக வாசிப்பவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் புத்தகத்தை அவனிடம் கொடுத்தோம். குரலை ஏற்றி இறக்கி, எங்கள் எவரையும்விட அழகாக வாசித்தான். சில பக்கங்கள் கழிந்த பிறகே கவனித்தோம். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டிருந்தன. அவனோ விடுபட்ட பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது.

நாங்கள் சிரித்தோம். வெகுநேரம் சிரித்தோம். அவனும் சிரித்தான்.

அடுத்த ஜூனில் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. விடியுமுன் வரும் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறத் தொடங்கியிருந்தான். எங்கள் சிரிப்பு அதற்குக் காரணமல்ல, வீட்டார் வாங்கியிருந்த முன்பணமே காரணம் என்று பின்னர் அறிந்தோம். அறிந்தும் மனம் ஆறவில்லை. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது. தடை செய்யப்பட்ட பணிகளில் தீப்பெட்டித் தயாரிப்பும் ஒன்று. அதற்குள் அவன் குச்சி அடுக்கத் தொடங்கி ஓராண்டு கடந்திருந்தது. எங்களுக்குப் புத்தகம் வந்த திசைக்கே அவன் போனான்.

பிறகும் சில மாதங்கள் நால்வராக வாசித்தோம். மாயாவியாக நடிக்க யாரும் முன்வரவில்லை. அந்த விளையாட்டு அத்தோடு நின்றுபோயிற்று. வீட்டில் தீப்பெட்டியை எடுக்கும்போதெல்லாம், ஆள் தெரியாமல் கை மட்டும் தெரிகிற ஒருவனை நினைத்துக்கொள்வோம்.

எழுத்து அறியாத ஒருவனையும் வாசகனாக வைத்திருந்தது அந்தத் திண்ணை. அதன் அருமை அன்று எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்று ஆளுக்கொரு ஊரில், தனித்தனியே, மௌனமாக வாசிக்கிறோம். பக்கத்தின் கடைசி வரியில் கை சற்றே தயங்குகிறது. யாரோ ஒருவன் இன்னும் 'ம்' சொல்லவில்லை.