கர்துங் லா இறக்கமும் கியரும்
நுப்ராவிலிருந்து திரும்பும் வழியில் கர்துங் லா கணவாயைத் தாண்டி லேவுக்கு இறங்கும் சாலைதான் இந்த வாரம். உச்சியிலுள்ள பலகை 18,380 அடி என்று சொன்னதை நம்பிப் படம் எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். உண்மையான உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. அந்தப் பலகை எண்ணைப் போலவே இங்கே தகுதிக்கு மேல் மதிக்கப்படுகிற இன்னொன்று ஃபோர் வீல் டிரைவ். ஏறும்போது அதன் தயவு தேவைதான். உருகிய பனி இரவில் மறுபடி உறைந்து கிடக்கும் வளைவுகளில், முன்சக்கர இழுவைக் கார் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்கிற இடத்தில், தார், ஜிம்னி போன்ற வண்டிகள் நாலு சக்கர இழுவையான 4எச்-இல் ஏறிவிடும். ஆனால் அந்த வசதி வண்டியை நகர்த்துவதற்கானது. நிறுத்துவதற்கு எந்தக் காரானாலும் அதே நாலு பிரேக்தான். இறக்கத்தில் காப்பாற்றுவது நாம் பிடித்திருக்கும் கியர் என்பது என் கட்சி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். லே சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. 40 கிலோமீட்டருக்குள் 1,850 மீட்டர் இறங்குகிறோம். ஆளும் மூட்டையுமாக 2 டன் எடையுள்ள எஸ்யூவி அவ்வளவு இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், வீட்டு மின்சாரக் கணக்கில் ஏறக்குறைய 10 யூனிட். டயர் உருள்வதில் மூன்றில் ஒரு பங்கு கழிந்தாலும், மிச்சம் எங்காவது சூடாகப் போயாக வேண்டும். ஆட்டோமேட்டிக்கை டி-யில் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பெரும்பகுதி பேடிலும் டிஸ்கிலும்தான் இறங்கும். பேட் அளவுக்கு மீறிச் சூடானால் பெடல் கெட்டியாகவே இருக்கும், பிடிமானம் இருக்காது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டாலோ பெடலே தொளதொளவென்று உள்ளே போய்விடும். மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டாம் கியரில் வைத்தால் அந்தச் சுமையில் நல்ல பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் வண்டிக்காரர்கள் கவனிக்க இன்னொன்று உண்டு. அந்த என்ஜின் வண்டியைப் பிடிப்பது பெரும்பாலும் மூடிய த்ராட்டிலுக்குப் பின்னால் உண்டாகும் வெற்றிடத்தால். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான் என்பதால் பிடியும் தளர்கிறது. தாழ்ந்த மலைகளில் மூன்றாம் கியரே போதும் என்ற பழக்கம் இங்கே எடுபடாது.

இப்போதைய ஆட்டோமேட்டிக்குகள் சரிவை உணர்ந்து தாமே கியரைக் குறைக்குமே என்பார்கள். பல வண்டிகள் குறைக்கும். ஆனால் வேகம் கூடிய பிறகு, அல்லது பிரேக்கைத் தொட்ட பிறகு. அடுத்த வளைவில் ராணுவ லாரி திரும்பிக்கொண்டிருப்பது டிரைவருக்குத்தான் தெரியும். ஹில் டிசென்ட் கன்ட்ரோலும் அதே பிரேக்கைத்தான் தானாகப் போடுகிறது. செங்குத்தான சின்னச் சரிவுக்குச் சரி, மலை முழுக்க அதை நம்பினால் சூடு மறுபடி பேடுக்கே. என்ஜின் இரைவதைக் கேட்டு எண்ணெய் வீணாகிறதே என்று பதறுகிறவர்களும் உண்டு. இன்றைய இன்ஜெக்‌ஷன் என்ஜின்கள் கியரில் கால் எடுத்து இறங்கும்போது எரிபொருளை நிறுத்திவிடும். நியூட்ரலில் உருட்டினால்தான் குடிக்கும்.

வலுவான ஆட்சேபம் ஒன்று மிச்சம் இருக்கிறது. இரு சக்கர இழுவையான 2எச்-இல் என்ஜின் பிடி தாரிலும் ஜிம்னியிலும் பின்சக்கரங்களில் மட்டுமே விழும். பனிக்கட்டியில் அது வண்டியின் பின்பக்கத்தை இழுத்துவிடக்கூடும். 4எச்-இல் அந்தப் பிடி நாலு சக்கரத்துக்கும் பிரிகிறது. இதை ஒப்புக்கொள்கிறேன், உச்சியை ஒட்டிய பனிப்பகுதிக்கு மட்டும். இந்த வண்டிகளில் முன், பின் அச்சுகளுக்கிடையே டிஃபரென்ஷியல் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் 4எச்-இல் கொண்டை ஊசி வளைவை எடுத்தால் ஸ்டீயரிங் இறுகும், உள்ளே பாகங்கள் முறுக்கேறும். ஆகவே பனி முடிந்ததும் 2எச்-க்கு வந்துவிடலாம். கியரை மட்டும் சரிவு தணியும்வரை கூட்ட வேண்டாம்.