பட்டாவை மாற்றினால் போதும்

போனில் கேமராவைத் திறந்து அதன் முன்னால் கையை ஆட்டிப் பாருங்கள். திரையில் இருக்கும் கையும் கூடவே ஆடும். இதில் என்ன பெரிய விஷயம் என்றுதான் தோன்றும். அந்தப் படத்தை நாமே நிரல் எழுதிக் கொண்டுவரும்போதுதான் சங்கதி தெரியும் :-)

போன செமஸ்டர் லீவில் பாட்டிக்காக ஒரு பூதக்கண்ணாடி நிரல் எழுதினேன். அவருக்கு விழித்திரையில் கோளாறு. கண்ணாடி மாற்றியும் பேப்பர் படிக்க முடியவில்லை. எழுத்தைப் பெரிதாக்கி, கறுப்பு மேல் வெள்ளையாகக் காட்டினால் படித்துவிடுகிறார். ஆனால் போனை வரியோடு நகர்த்தும்போது எழுத்தும் உடனே நகரவேண்டும். கொஞ்சம் பிந்தினாலும், "தலை சுத்துதுடா" என்று கீழே வைத்துவிடுவார்.

ஏன் பிந்துகிறது? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

1280 x 720 அளவுள்ள ஒரு ஃப்ரேமில் 9,21,600 பிக்சல்கள். கேமரா பொதுவாக இதை ஒய்யுவி வடிவில் தரும். நம் கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் தெரியும் அளவுக்கு நிற வித்தியாசம் நுணுக்கமாகத் தெரியாது. அதனால் வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும், நிறத்தை நாலு பிக்சலுக்கு ஒரு முறையும் குறித்தால் போதும். பிக்சலுக்கு ஒன்றரை பைட்தான், ஆக ஒரு ஃப்ரேம் சுமார் 13.8 லட்சம் பைட். இதையே சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை என்று நாலு பைட்டாக மாற்றினால் சுமார் 36.9 லட்சம் ஆகிவிடும். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் சுமார் 11 கோடி பைட்!

பாடப்புத்தக வழி இப்படிப் போகும்: கேமரா தரும் ஃப்ரேமை நிரல் வாங்கும், பிராசஸர் ஒவ்வொரு பிக்சலாக நிறம் மாற்றும், பிறகு அதைக் கிராபிக்ஸ் சிப்புக்கு டெக்ஸ்சராக நகல் எடுத்துக் கொடுக்கும். (டெக்ஸ்சர் என்றால் திரையில் வரையும் முக்கோணங்கள் மேல் ஒட்டும் படம்.) நொடிக்கு 30 தடவை இதே சுமை. போன் சூடாகும், பேட்டரி கரையும், படம் பிந்தும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், போனில் பிராசஸருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் பொதுவாக ஒரே மெமரிதான். ஒரே வீட்டில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு மூட்டை தூக்குகிறோம்! நிலம் விற்பவர் மண்ணை வெட்டி லாரியில் அனுப்புவாரா? பட்டாவில் பெயரை மாற்றினால் முடிந்தது.

2011ல் வந்த ஆண்ட்ராய்டு 3.0வின் சர்ஃபேஸ்டெக்ஸ்சர் இதைத்தான் செய்கிறது. கேமரா நிரப்பிய பஃபரையே டெக்ஸ்சராகப் பார்க்கலாம். ஷேடரில் படிக்கும்போது நிறமும் தானாக மாறி வந்துவிடும். அதே ஆண்டு ஐஓஎஸ் 5ல் ஆப்பிளும் இதற்கென்று ஒரு டெக்ஸ்சர் கேஷ் கொடுத்தது. 2018ல் ஐஓஎஸ் 12 வந்தபோது ஓபன்ஜிஎல்லைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். இப்போது அங்கே மெட்டல்தான், ஆனால் யோசனை அதேதான். கேமராவுக்கு மட்டுமல்ல, வீடியோவை டிகோட் செய்யும்போதும் இதே வழி உண்டு.

சில விதிமுறைகள் இருக்கின்றன. பஃபர்கள் டீக்கடை கிளாஸ் மாதிரி, எண்ணி நாலைந்துதான் இருக்கும். குடித்த கிளாஸைத் திருப்பித் தராமல் எல்லோரும் கையிலேயே வைத்திருந்தால் மாஸ்டர் அடுத்த டீயை எதில் ஊற்றுவார்? சர்ஃபேஸ்டெக்ஸ்சரில் புது ஃப்ரேமை எடுத்ததும் பழையது தானாகத் திரும்பிவிடும். ஃப்ரேம்களை நாமே வாங்கிக் கையாளும் இமேஜ்ரீடரில் நாம்தான் ஞாபகமாக மூடவேண்டும், இல்லாவிட்டால் படம் அப்படியே நின்றுவிடும். இன்னொன்று, சர்ஃபேஸ்டெக்ஸ்சர் ஒவ்வொரு ஃப்ரேமுடனும் ஒரு மேட்ரிக்ஸ் தரும். அதையும் சேர்த்துப் பெருக்காவிட்டால் படம் படுத்தோ தலைகீழாகவோ வரலாம்.

கறுப்பு வெள்ளையைப் புரட்டும் வேலைக்கு ஷேடரில் ஒரே ஒரு வரிதான்: 1லிருந்து நிறத்தைக் கழிக்கவேண்டும். பெரிதாக்குவதும் அங்கேயே நடந்துவிடுகிறது. பிராசஸர் ஒரு பிக்சலைக்கூடத் தொடுவதில்லை.

இப்போது பாட்டி காலையில் ராசிபலனில் ஆரம்பித்து வரி விளம்பரம் வரை ஒன்று விடாமல் படிக்கிறார். நாங்கள் கேட்காவிட்டாலும் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார் :-)

உங்கள் நிரல் திணறினால் புதுப் போன் வாங்குவதற்கு முன்னால், ஒரே படத்தை எத்தனை தடவை நகல் எடுக்கிறது என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். பாட்டியிடம் இருப்பது, அப்பா நாலு வருஷம் உபயோகித்துவிட்டுக் கொடுத்த போன்தான்.